எவரெஸ்டில் ஏறியது யார்?

ஆடி மாதத்தில் வீராம்பட்டினம் செங்கழுநீரம்மன் தேர்த் திருவிழாவைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதன்று. தேரடியில் கூட்டம் நெரியும். ஆளுநர் வருவார், வடத்தைத் தொட்டுக் கும்பிட்டுப் பிடிப்பார். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் அவர்களுடைய கவர்னர் வந்து பிடித்த வழக்கம் இன்றும் தொடர்கிறது. பிறகு ஆயிரக்கணக்கான கைகள் சேர்ந்து இழுக்க, தேர் அசையும். மறுநாள் செய்தித்தாளில் 'ஆளுநர் தேரை வடம் பிடித்து இழுத்தார்' என்று வரும். அதைப் படித்து அரியாங்குப்பத்தில் யாரும் ஏமாறுவதில்லை. தேரை இழுத்தது யார் என்பது ஊருக்கே தெரியும்.

எவரெஸ்ட் விஷயத்தில் நமக்கு இந்தத் தெளிவு இல்லை. 'இன்னார் எவரெஸ்டை வென்றார்' என்று செய்தி வருகிறது. கையில் கொடியுடன் ஒரு படமும் வருகிறது. படத்தில் இருப்பவர் வடத்தைத் தொட்டவரா, தேரை இழுத்தவரா என்பதை 8,848 மீட்டருக்குக் கீழே, கடலோரத்தில் இருந்து படிக்கும் நாம் எப்படி அறிவது?

இந்தக் கேள்வியை என்னிடம் எழுப்பியவர் எங்கள் ஊர் மாணவர் ஒருவர். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறார். எவரெஸ்ட் ஏற வேண்டும் என்பது அவருடைய கனவு. ஒரு நாள் இரண்டு செய்திகளை எடுத்து வந்தார். ஒன்றில் எவரெஸ்ட் ஏறி வந்தவருக்கு மாலை மரியாதை. மற்றொன்றில் வெளிநாட்டு மலையேறி ஒருவர், 'இன்று எவரெஸ்டில் நடப்பது மலையேற்றமே அன்று, சுற்றுலா' என்று ஏளனமாகப் பேசியிருந்தார். "இதுல எது உண்மைங்க ஐயா? வீட்டு மனையை அடகு வைக்கலாம்னு அப்பா சொல்றாரு" என்றார். மனையை அடகு வைக்கும் அளவுக்கு விஷயம் வந்துவிட்டதால் சற்று விரிவாகவே ஆராய வேண்டியதாயிற்று.

முதலில், இன்று பெரும்பாலோர் எவரெஸ்டில் எவ்வாறு ஏறுகிறார்கள் என்பதைப் பார்ப்போம். நேபாளப் பக்கத்தில் அடிவார முகாமை விட்டதும் கும்பு பனியருவி தொடங்குகிறது. வீடளவு பனிப்பாளங்கள் சரிந்து நகர்ந்துகொண்டே இருக்கும் இடம் அது. ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் அனுபவமிக்க ஷெர்பாக் குழு ஒன்று உள்ளே சென்று வழி கண்டு, பிளவுகளின் மேல் அலுமினிய ஏணிகளை வைத்துக் கயிறு கட்டுகிறது. 'பனியருவி மருத்துவர்கள்' என்று இவர்களை வேடிக்கையாக அழைப்பதுண்டு. அதற்கு மேலே உச்சி வரையிலும் வேறு ஷெர்பாக்கள் கயிறு கட்டுகிறார்கள். கூடாரம், உணவு, அடுப்பு, ஆக்சிஜன் உருளை எல்லாவற்றையும் மேல் முகாம்களுக்குச் சுமப்பவர்களும் அவர்களே. பணம் கட்டி வந்தவர், கயிற்றில் மேல்நோக்கி மட்டும் நகரும் ஒரு பிடிக் கருவியை மாட்டிக்கொண்டு, முகமூடியில் ஆக்சிஜனைச் சுவாசித்தபடி, தமக்கென அமர்த்தப்பட்ட ஷெர்பாவுடன் ஏறுகிறார். நேபாள அரசுக்குச் செலுத்த வேண்டிய அனுமதிக் கட்டணம் மட்டும் 2025 செப்டம்பரிலிருந்து 15,000 டாலர். அதற்கு முன் 11,000. எல்லாம் சேர்ந்தால் முப்பது, நாற்பது இலட்சம் ரூபாய் ஆகிவிடும்.

இந்த முறைக்கு வழி திறந்த ஆண்டு 1985 என்பார்கள். டெக்சாஸைச் சேர்ந்த டிக் பாஸ் என்னும் செல்வர், தம் ஐம்பத்தைந்தாம் வயதில், டேவிட் பிரஷியர்ஸ் என்னும் தேர்ந்த மலையேறியின் வழிகாட்டுதலில் அவ்வாண்டு ஏப்ரல் 30 அன்று உச்சியை அடைந்தார். ஏழு கண்டங்களின் மிக உயர்ந்த சிகரங்களிலும் ஏறிய முதல் மனிதர் அவரே. 'இவரால் முடியும் என்றால் என்னால் ஏன் முடியாது?' என்று உலகெங்கும் பணமுள்ளவர்கள் கேட்கத் தொடங்கினார்கள். இன்றைக்கு ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் உச்சியை அடைந்துவிட்டார்கள். 2019 மே 22 அன்று நிர்மல் புர்ஜா எடுத்த படம் பலருக்கு நினைவிருக்கும்: உச்சிக்குச் சற்றுக் கீழே, ரேஷன் கடை வரிசைபோல மனிதர்கள் ஒருவர் பின் ஒருவராக நின்ற படம்.

இதைத்தான் மலையேற்றத்தைத் தொழிலாகவும் தவமாகவும் கொண்டவர்கள் ஏளனம் செய்கிறார்கள். அவர்கள் சொல்வது வெறும் பொறாமை என்று தள்ளிவிட முடியாது.

அவர்களுடைய அளவுகோலே வேறு. உயரம் வேறு, கடினம் வேறு என்கிறார்கள். நம் இமயத்திலேயே இதற்குச் சான்று உண்டு. கர்வால் பகுதியில் சாங்கபாங் என்றொரு சிகரம். உயரம் 6,864 மீட்டர். எவரெஸ்டைவிட இரண்டாயிரம் மீட்டர் குறைவு. அதன் மேற்குச் சுவர் ஏறத்தாழ செங்குத்தான கருங்கல்லும் பனியும். 1976இல் பீட்டர் போர்டுமேன், ஜோ டாஸ்கர் என்னும் இருவர் மட்டும், வேறு துணையின்றி, இரவில் அந்தச் சுவரிலேயே தொங்கு படுக்கையில் உறங்கி அதை ஏறி முடித்தார்கள். மலையேறிகளிடையே இன்றும் அதைப் பற்றிப் பேசும்போது குரல் தாழும். நம் செய்தித்தாள் வாசகர்களில் எத்தனை பேர் சாங்கபாங் என்ற பெயரைக் கேட்டிருப்பார்கள்?

இன்னும் விந்தையானது 1985இல் நடந்தது. காரகோரத்தில் காஷர்புரும் நான்கு என்னும் சிகரம் 7,925 மீட்டர் உயரம். போலந்து நாட்டு வோய்டெக் குர்டிகாவும் ஆஸ்திரிய நாட்டு ராபர்ட் ஷாவரும் அதன் மேற்கு முகத்தில், ஆக்சிஜன் இன்றி, கட்டி வைத்த கயிறு இன்றி ஏறினார்கள். மேலே புயலில் சிக்கினார்கள். உணவும் எரிபொருளும் தீர்ந்தன. முகம் முழுவதையும் ஏறி முடித்த பின்னர், முதன்மை உச்சியைத் தொடாமலேயே வேறு பக்கமாக உயிருடன் இறங்கினார்கள். உச்சியைத் தொடாத அந்த ஏற்றத்தை இருபதாம் நூற்றாண்டின் மிகச் சிறந்த ஏற்றங்களுள் ஒன்றாக மலையேறிகள் வைத்துப் போற்றுகிறார்கள். உச்சியில் நின்று படம் எடுத்துக்கொண்டவரையே வீரர் என்று எண்ணிப் பழகிய நமக்கு இது புரிவது கடினம். பிரான்சில் 1991இல் தொடங்கிய 'தங்கப் பனிக்கோடரி' என்னும் புகழ்பெற்ற விருதும் எவ்வளவு உயரம் ஏறினார் என்பதைவிட எப்படி ஏறினார் என்பதையே பார்க்கிறது.

இந்த அளவுகோலுக்கு வயது நூறாண்டுக்கு மேல். ஆல்பர்ட் மம்மரி என்னும் ஆங்கிலேயர், மனிதனுக்கும் மலைக்கும் இடையிலான போட்டி நேர்மையாக இருக்க வேண்டும் என்ற கருத்தை விதைத்தவர்; 1895இல் நங்க பர்வதத்தில் மறைந்தார். அந்தக் கருத்தை எவரெஸ்ட் வரை கொண்டுபோனவர் ரெயின்ஹோல்ட் மெஸ்னர். 1978 மே 8 அன்று அவரும் பீட்டர் ஹாபெலரும் ஆக்சிஜன் உருளை இல்லாமல் முதன்முதலாக எவரெஸ்ட் உச்சியை அடைந்தார்கள். 1980 ஆகஸ்டில் மெஸ்னர் திபெத்தியப் பக்கத்திலிருந்து தன்னந்தனியாக, மீண்டும் ஆக்சிஜன் இன்றி ஏறினார். உச்சியை அடைந்த ஏழாயிரத்துச் சொச்சம் பேரில் உருளை இன்றி ஏறியவர்கள் இருநூற்றுச் சொச்சம் பேரே.

உருளை அவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்குமா? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

அரியாங்குப்பம் ஆற்றுப் பாலத்தில் நின்று மூச்சு விடுகிறோம். இங்கே காற்றழுத்தம் ஏறத்தாழ 760 மில்லிமீட்டர் பாதரசம். மூச்சுக்குழாயில் நுழைந்த காற்று ஈரமாகிறது. அந்த நீராவி 47 மில்லிமீட்டரை எடுத்துக்கொள்கிறது. மீதி 713. அதில் நூற்றுக்கு 21 பங்கு ஆக்சிஜன். ஆக, நம் நுரையீரலை நோக்கிச் செல்லும் ஆக்சிஜனின் அழுத்தம் 150 மில்லிமீட்டர். எவரெஸ்ட் உச்சியில் காற்றழுத்தத்தை 1981 அக்டோபர் 24 அன்று கிறிஸ்டபர் பிஸ்ஸோ என்னும் அமெரிக்க மருத்துவர் நேரில் அளந்தார்: 253 மில்லிமீட்டர். அங்கேயும் உடலின் வெப்பம் அதுவேயாதலால் நீராவிக்கு அதே 47 போய்விடும். மீதி 206, அதில் 21 பங்கு 43. நூற்றைம்பது எங்கே, நாற்பத்து மூன்று எங்கே!

இப்போது முகமூடியைப் போடுவோம். உள்ளே வரும் காற்றில் ஆக்சிஜன் 21 பங்கிலிருந்து 30 பங்காக உயர்கிறது என்று வைத்துக்கொள்வோம். 206இல் 30 பங்கு ஏறத்தாழ 62. உருளை இல்லாமல் இந்த 62 கிடைக்கும் உயரம் எது என்று பார்த்தால் சுமார் 6,500 மீட்டர் வருகிறது. எவரெஸ்டின் இரண்டாவது முகாம் உள்ள மட்டம் அது. உருளையிலிருந்து வரும் அளவும் முகமூடியின் கசிவும் மாறும்போது கணக்கும் மாறும். ஆனாலும் உருளை மலையின் உயரத்தையே இரண்டாயிரம் மீட்டர் அளவுக்குக் குறைத்துவிடுகிறது என்று மலையேறிகள் சொல்வதில் மிகையில்லை.

இங்கே ஒரு சுவையான செய்தி. பொது வாய்பாட்டின்படி கணக்கிட்டால் எவரெஸ்ட் உச்சியில் அழுத்தம் 236 மில்லிமீட்டர்தான் இருக்க வேண்டும். உண்மையில் அதைவிடக் கூடுதலாக இருப்பதற்குக் காரணம், நிலநடுக்கோட்டுப் பக்கம் வளிமண்டலம் சற்றுத் தடித்திருப்பது. எவரெஸ்ட் நம் அட்சரேகைகளுக்கு அருகில் நிற்கிறது. அதே மலை அலாஸ்காவில் இருந்திருந்தால், உருளையின்றி யாரும் உச்சியைத் தொட்டிருக்கமாட்டார்கள் என்று உடலியல் அறிஞர்கள் கருதுகிறார்கள். மெஸ்னரின் சாதனை இத்தகைய மெல்லிய விளிம்பின் மேல் நடந்தது.

2025 மே மாதத்தில் பிரிட்டனைச் சேர்ந்த நால்வர் இலண்டனிலிருந்து புறப்பட்டு எவரெஸ்ட் ஏறி ஒரு வாரத்துக்குள் வீடு திரும்பினார்கள். புறப்படுமுன் செனான் வாயுவைச் சுவாசித்திருந்தார்கள். செங்குருதி அணுக்களைப் பெருக்கும் எரித்ரோபாய்ட்டின் என்னும் இயக்குநீரை அவ்வாயு தூண்டும் என்பது எதிர்பார்ப்பு. வாரக்கணக்கில் ஆக்சிஜன் குறைந்த கூடாரங்களிலும் உறங்கியிருந்தார்கள். ஏறும்போது உருளையும் இருந்தது. எனவே எதன் பயன் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. மலைகளில் செனான் உதவும் என்பதற்குச் சான்று இல்லை, தவறாகப் பயன்படுத்தினால் ஆபத்து என்று பன்னாட்டு மலையேற்றக் கூட்டமைப்பின் மருத்துவக் குழு அவ்வாண்டுத் தொடக்கத்திலேயே எச்சரித்திருந்தது. மம்மரி இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!

கயிறு, உருளை இரண்டையும்விடக் கனமான குற்றச்சாட்டு வேறொன்று உண்டு. மலையேற்றத்தின் உயிர்நாடி முடிவெடுப்பது. எந்த வழி, எப்போது புறப்படுவது, மேகம் திரண்டால் திரும்புவதா வேண்டாமா என்ற முடிவுகளை எடுத்து, அவற்றின் விளைவைத் தானே சுமப்பவன் மலையேறி. வழிகாட்டியுடன் செல்பவர் அந்த முடிவுகளையும் விலைக்கு வாங்கிவிடுகிறார். மேலும், இருவர் ஒரே கயிற்றில் தம்மைப் பிணைத்துக்கொண்டு ஏறும்போது ஒருவர் உயிர் மற்றவர் கையில். கட்டி வைத்த பொதுக் கயிற்றில் முன்னால் நிற்பவர் யாரோ ஒருவர், வழியை மறைப்பவர். 2006இல் டேவிட் ஷார்ப் என்னும் ஆங்கிலேயர் உச்சிக்குக் கீழே உயிருக்குப் போராடிக் கிடந்தபோது நாற்பது பேர் அளவில் அவரைக் கடந்து போனார்கள் என்று செய்தி வந்ததும் எட்மண்ட் ஹில்லாரி கொதித்துப் பேசினார்.

இதுவரை ஏளனம் செய்பவர்களின் பக்கம். இனி அவர்களிடம் நாம் கேட்க வேண்டியவை சில இருக்கின்றன.

'நடந்தே ஏறிவிடலாம்' என்று அவர்கள் அலட்சியமாகச் சொல்லும் சொல் ஆபத்தானது. பாறையின் கடினம் வேறு, உயரம் உடலுக்குச் செய்யும் கேடு வேறு என்பதை முதலில் பிரித்துக் காட்டியவர்களே அவர்கள்தாம். இருந்தும் எளிய மலை என்று சொல்லும்போது இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள். 2007இல் பிரிட்டிஷ் மருத்துவக் குழு ஒன்று எவரெஸ்டில் 8,400 மீட்டரில், இறங்கி வரும் வழியில், முகமூடியைக் கழற்றிவிட்டுத் தங்கள் தொடைத் தமனியிலிருந்தே குருதி எடுத்துச் சோதித்தது. ஆக்சிஜன் அழுத்தம் சராசரி 24.6 மில்லிமீட்டர், கடல்மட்டத்தில் நமக்கு நூறை ஒட்டி இருக்கும். மருத்துவமனையில் இந்த எண்ணைக் கண்டால் மருத்துவர் ஓடி வருவார். பணம் கட்டியவர் என்றோ பெரிய மலையேறி என்றோ உடல் வேறுபாடு பார்ப்பதில்லை. 1996 மே மாதப் புயலில் எவரெஸ்டில் எட்டுப் பேர் மாண்டார்கள். அவர்களுள் ராப் ஹாலும் ஸ்காட் ஃபிஷரும் பேர்பெற்ற வழிகாட்டிகள், மூவர் நம் இந்தோ-திபெத்திய எல்லைக் காவல் படையினர்.

எவரெஸ்ட் வரைகூடப் போக வேண்டாம். லடாக்கில் ஸ்டோக் காங்ரி என்றொரு சிகரம், 6,153 மீட்டர். 'எளிது, எவரும் ஏறலாம்' என்ற பேச்சைக் கேட்டுப் பல ஆண்டுகள் கூட்டம் கூட்டமாக ஏறினார்கள். மலையும் கீழே உள்ள கிராமத்தின் நீர்வளமும் கெடுவதைக் கண்டு 2020இல் ஏற்றத்தை நிறுத்தினார்கள். சென்னையில் காலையில் விமானம் ஏறினால் அன்றே 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லே நகரில் இறங்கிவிடலாம். கடல்மட்டத்தில் பிறந்து வளர்ந்த உடல் மெல்ல மெல்ல மூச்சைக் கூட்டி, குருதியைத் திருத்திக்கொள்ள நாட்கள் வேண்டும். அவகாசம் தராமல் மேலே ஏறினால் நுரையீரலில் நீர் கோக்கும், மூளை வீங்கும். கிளிமாஞ்சாரோவில் கயிறே தேவையில்லை. அங்கேயும் இதனால் சாகிறார்கள். ஆகவே 'எளிய மலை' என்ற சொல்லை ஏளனத்துக்காகப் பயன்படுத்துவோர், அதை விளம்பரத்துக்காகப் பயன்படுத்தும் வணிகர்களுக்கே துணை போகிறார்கள்.

அடுத்தது இன்னும் முக்கியம். 'எவரெஸ்டில் இன்று மலையேற்றமே இல்லை' என்பது பச்சைப் பொய். அங்கே ஒவ்வொரு பருவத்திலும் உண்மையான மலையேற்றம் நடக்கிறது. அதைச் செய்பவர்கள் ஷெர்பாக்கள். பாதையே இல்லாத பனியருவியில் முதலில் நுழைபவர், கயிறே இல்லாத சரிவில் முதல் கயிற்றைக் கொண்டு செல்பவர் மலையேறி இல்லாமல் வேறு யார்? 2014 ஏப்ரல் 18 அன்று பனிச்சரிவில் ஒரே நாளில் பதினாறு நேபாளத் தொழிலாளர்கள் அந்தப் பனியருவியில் மாண்டார்கள். பணம் கட்டி வந்தவர் அதைச் சில முறை கடந்தால், அவருக்காகச் சுமப்பவர் அதைவிடப் பல மடங்கு கடக்க வேண்டியிருக்கிறது. கமி ரீத்தா ஷெர்பா 2025 மே மாதத்தில் 31ஆவது முறையாக உச்சியை அடைந்தார். நான் மேலே சொன்ன குருதிச் சோதனையிலும் இது உண்டு: 8,400 மீட்டரில் எடுத்த குருதியைப் பனிநீரில் வைத்து 6,400 மீட்டரில் இருந்த ஆய்வுக்கூடத்துக்கு இரண்டு மணி நேரத்துக்குள் இறக்கிக் கொடுத்தவர் ஒரு ஷெர்பா. அவர் அப்படி ஓடியிராவிட்டால் அந்த 24.6 என்ற எண்ணே உலகுக்குக் கிடைத்திராது.

இமயத்து மக்களின் உடலில் குறைந்த ஆக்சிஜனைச் சமாளிக்கும் மரபுப் பண்புகள் உண்டு என்பதை 2010 முதல் வந்த மரபணு ஆய்வுகள் காட்டியுள்ளன. இதை வைத்துக்கொண்டு 'அவர்களுக்கு இயல்பாகவே வருகிறது' என்று சிலர் பேசுவதுண்டு. நீளமான கால்களுடன் பிறந்தவன் ஓட்டப் பந்தயத்தில் வென்றால் பதக்கத்தைக் கால்களுக்கா கொடுக்கிறோம்? குளிர்காலத்தில் கே-2 சிகரத்தை ஏற உலகின் தலைசிறந்த மலையேறிகள் பல முறை முயன்று தோற்றார்கள். 2021 சனவரி 16 அன்று அதை முடித்தவர்கள் பத்து நேபாளியர். அவர்களுள் ஒன்பதின்மர் ஷெர்பாக்கள்.

ஏளனம் செய்வோரின் முன்னோர்களும் தனியாக ஏறிவிடவில்லை. 1950 சூன் 3 அன்று பிரெஞ்சுக் குழு அன்னபூர்ணாவை ஏறியது. எட்டாயிரம் மீட்டருக்கு மேற்பட்ட சிகரங்களில் மனிதன் ஏறிய முதல் சிகரம். அரியாங்குப்பமும் அன்று அதே பிரெஞ்சுக் கொடியின் கீழ்தான் இருந்தது. கைகால் விரல்கள் பனியில் கருகிய மோரிஸ் எர்சாக்கைக் கூலிகள் முதுகிலும் தூளியிலும் வாரக்கணக்கில் சுமந்து ஊர் சேர்த்தார்கள். பிரான்சில் அவர் தேசிய வீரரானார். சுமந்த முதுகுகளுக்கு உரியவர்கள் யார் என்று கேட்டவர்கள் குறைவு. ஆகவே, வழிகாட்டியுடன் ஏறுபவரைப் பார்த்துச் சிரிக்கும் உரிமை மெஸ்னர், குர்டிகா போன்ற சிலருக்கு இருக்கலாம். மலையேற்றம் என்னும் மரபு முழுவதற்கும் இல்லை.

பிறந்த இடத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஆல்ப்ஸ் மலையடியில் பிறந்த பிள்ளை பத்து வயதில் பனிக்கோடரி பிடிக்கிறது. நமக்கு வாய்த்த தொட்டபெட்டா 2,637 மீட்டர். அங்கே பேருந்திலேயே போகலாம். மலேசியாவின் உயரமான கினபாலு 4,095 மீட்டர். நிலையான பனியே இல்லாத நாடு அது. அந்நாட்டிலிருந்து 1997 மே 23 அன்று எவரெஸ்டை முதன்முதலாக அடைந்த இருவர் மகேந்திரனும் மோகன்தாஸும், தமிழ் மக்கள். 2023 மே மாதத்தில் விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்த முத்தமிழ்ச்செல்வி உச்சியை அடைந்தார். தமிழக அரசு நிதி உதவி செய்தது. இவர்கள் ஷெர்பாக்களின் துணையுடன் ஏறியவர்கள். வெப்பநாட்டு உடலை அந்த உயரத்துக்குப் பழக்கி, உச்சி வரை சென்று திரும்புவது விளையாட்டன்று. அதைச் சுற்றுலா என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. போர்டுமேனும் டாஸ்கரும் சாங்கபாங்கில் செய்ததும் இதுவும் ஒன்று என்று சொல்லவும் நா எழவில்லை.

குற்றம் ஏறியவர்களிடம் இருப்பதைவிட, அவர்களை எதற்காகப் பாராட்டுகிறோம் என்பதில் நம்மிடமே அதிகம் இருக்கிறது. உச்சியில் நின்ற படம் ஒன்று இருந்தால் போதும், பரிசு, பதவி உயர்வு, விருது என்று வைத்துவிட்டோம். விளைவு என்ன? 2016இல் புனேயைச் சேர்ந்த காவல்துறைத் தம்பதி ஒருவர் ஒட்டு வேலை செய்த படத்தைக் காட்டிச் சான்றிதழ் பெற்று, பிடிபட்டு, நேபாளத்தில் பத்தாண்டுத் தடைக்கு ஆளானார்கள். அதே ஆண்டில் ஏறியதாகச் சொன்ன வேறொருவர் தேசிய சாகச விருதுக்கே தேர்ந்தெடுக்கப்பட்டார். சக மலையேறிகள் எழுப்பிய ஐயத்தால் விருது நிறுத்தப்பட்டு, 2021இல் அவருக்கும் தடை வந்தது. மனாஸ்லுவில் நடந்தது வேறு வகை. 8,163 மீட்டர் உயரமுள்ள அந்தச் சிகரத்தில் பெரும்பாலோர் பல ஆண்டுகளாக உண்மையான உச்சிக்கு முன்னாலுள்ள முகட்டிலேயே நின்று திரும்பியிருந்தார்கள். 2021இல் ஆளில்லா விமானம் எடுத்த படம் அதை வெட்டவெளிச்சமாக்கியது. இமயமலைப் பதிவேட்டினர் 2022 முதல் விதியைக் கடுமையாக்கினார்கள். அத்தனை பேரும் பொய்யர்கள் என்று சொல்ல மாட்டேன். கயிறு முடிந்த இடத்தையே உச்சி என்று எண்ணியவர்கள் பலர். அதுவே எவ்வளவோ சொல்கிறது அல்லவா?

1965இல் கேப்டன் கோலியின் தலைமையில் சென்ற இந்தியக் குழுவைப் பாருங்கள். 25 டன் சுமையும் நூற்றுக்கணக்கான சுமைதூக்கிகளும் ஆக்சிஜன் உருளைகளுமாகச் சென்ற படையெடுப்பு அது. இன்றைய தூய மலையேறிகள் அதையும் குறை கூறுவார்கள். ஆனால் உச்சியை அடைந்தவர்கள் ஒன்பதின்மர் என்று இந்தியா அறிவித்தபோது சீமா, வோஹ்ரா, அலுவாலியா, ராவத் ஆகியோருடன் நவாங் கோம்பு, அங் காமி, பூ டோர்ஜி என்னும் ஷெர்பாக்களின் பெயர்களும், சோனம் கியாட்சோ, சோனம் வாங்யால் பெயர்களும் ஒரே பட்டியலில் சமமாக நின்றன. பள்ளிப் பிள்ளைகள் ஒன்பது பெயர்களையும் மனப்பாடம் செய்தார்கள். இன்று வரும் செய்திகளில் உடன் ஏறிய ஷெர்பாவின் பெயரைத் தேடிப் பாருங்கள். கொடி பிடித்தவரின் தாலுகா வரை இருக்கும். கூட நின்றவரின் பெயர் இருக்காது. பல நேரம் அந்தப் படத்தை எடுத்தவரே அவர்தாம்.

செய்தித்தாள்கள் இரண்டு வரி கூடுதலாக அச்சிட்டால் பெரும்பாலான குழப்பம் தீர்ந்துவிடும். உருளையுடனா, இன்றியா, கயிறு யார் கட்டியது, உடன் வந்தவர் பெயர் என்ன. வானிலைச் செய்தியில் மழையளவைப் போடுவதுபோல இதையும் போடலாம். நிதி உதவி செய்யும் அரசுகளும் விண்ணப்பத்திலேயே இதைக் கேட்கலாம். ஏற்கெனவே எந்தெந்த மலைகளில் ஏறினீர்கள், எங்கே பாதியில் திரும்பினீர்கள், ஏன் திரும்பினீர்கள் என்றும் கேட்க வேண்டும். திரும்பத் தெரிந்தவருக்கே பணம் கொடுக்கலாம். எவரெஸ்டுக்கு வருமுன் நேபாளத்தின் 7,000 மீட்டர் சிகரம் ஒன்றில் ஏறியிருக்க வேண்டும் என்ற விதியைக் கொண்ட மசோதா ஒன்று 2025இல் அந்நாட்டு நாடாளுமன்றத்தின் முன் வந்தது. வணிகர்களுக்கு அது பிடிக்கவில்லை என்பதில் வியப்பில்லை.

மாணவரிடம் மனையை அடகு வைக்க வேண்டாம் என்று சொன்னேன். டார்ஜிலிங்கில் 1954இல் தொடங்கிய இமாலய மலையேற்ற நிலையமும், உத்தரகாசியில் 1965இல் தொடங்கிய நேரு மலையேற்ற நிலையமும் இருக்கின்றன. அடிப்படைப் பயிற்சி ஏறத்தாழ நான்கு வாரம். செலவு ஆயிரங்களில் அடங்கிவிடும். பாறையில் கயிறு கட்டுவது, பனிப்பிளவில் விழுந்தவரை மீட்பது, கோடரியால் சறுக்கலை நிறுத்துவது எல்லாம் தாமே செய்து பழக வேண்டும். அங்கே சுமையும் அவரவர் முதுகில்தான்.

"சான்றிதழ் கொடுப்பாங்களா ஐயா?" என்று கேட்டார். கொடுப்பார்கள், ஆனால் தரம் போட்டுக் கொடுப்பார்கள், 'ஏ' தரம் வாங்கினால்தான் மேற்பயிற்சிக்கு எடுப்பார்கள் என்றேன்.

"அப்போ பணம் கட்டினா மட்டும் போதாதுங்களா?" என்றார். சிறிது நேரம் கழித்து, விண்ணப்பம் எங்கே கிடைக்கும் என்று விசாரித்துக்கொண்டு போனார்.